புல் வேர் பிடிக்கும் வரை

ஹலோ... ஹலோ, யாரு?... கொஞ்சம் சத்தமா பேசுங்க, இங்க தண்ணி ஓடுது... இருங்க, குழாயை மூடிட்டு வர்றேன்... ம், இப்பச் சொல்லுங்க... அட, மாப்ள! நீயா? என்னடா, நம்பர் மாத்திட்டியா?... குழிக்குள்ள விழுந்துடுச்சா? சரிதான். பொக்லைன் ஓட்டுறவன் போன் வேற எங்க போய் விழும்!

ஆங்... சாப்பிட்டாச்சு, சாப்பிட்டாச்சு. உங்க அக்கா விடியறதுக்கு முன்னாடியே எழுப்பி, சட்டையைத் தேச்சுக் குடுத்துத் தொரத்திட்டா. பூங்காவுக்கு நடுவுல கல்யாண மாப்பிள்ளை கணக்கா நிக்கிறேன், கையில தண்ணிக் குழாயோட... ஆமாடா, இன்னைக்குத்தான்!... உனக்கும் தெரிஞ்சுபோச்சா? பாரு, ஊரே பேசுது.

நேத்து சாயங்காலம் இன்ஜினியர் ஆபீஸ்லேர்ந்து ஆள் வந்தான். காலைல ஆளுங்க வர்றாங்க, பெரிய கேட்டைத் திறந்து வைங்கன்னு சொல்லிட்டுப் போனான். பெரிய கேட்டுடா! அது நான் இங்க சூப்பர்வைசரா வந்ததுலேர்ந்து ரெண்டு தரமோ மூணு தரமோதான் திறந்திருக்கு. நானே நேத்து கீலுக்கெல்லாம் எண்ணெய் விட்டேன்... பின்ன? பரிசுக் குழுவை சின்ன கேட் வழியா குனிஞ்சு வரச் சொல்லவா?

என்ன?... பரிசுக் குழுதான். சிறந்த பூங்கா விருது. உங்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கேன்... ஆமா, அதுக்குத்தான் இத்தனை நாளா பூட்டி வச்சிருக்கேன். பின்ன என்ன எங்க அப்பா வீட்டுச் சொத்துன்னா பூட்டி வச்சிருக்கேன்?

டேய், உனக்கு மறதி. புதுப் புல்லு போட்டப்ப இன்ஜினியர் என்ன சொன்னாரு? வேர் பிடிக்கற வரைக்கும் ஒரு கால் படக்கூடாது, பூட்டு. பூட்டினேன். வேர் பிடிச்சுது. சார், திறக்கட்டுமான்னேன். குழு வந்து பாத்துட்டுப் போகட்டும்யா, அப்புறம் திறன்னாரு. குழு இதோ வருது, அதோ வருதுன்னு மழையும் போச்சு, வெயிலும் போச்சு. நானும் தினம் தண்ணி விடுறேன், ஓரம் வெட்டுறேன். ஓரம் வெட்ட மிஷின் குடுக்கல, உங்க அக்காவோட காய் நறுக்குற கத்தியை எடுத்துட்டு வந்துட்டேன். அவ இன்னும் தேடிட்டிருக்கா. போட்டுக் குடுத்துடாத.

சிரிக்காத. நீ வந்து பாக்கணும் மாப்ள. புல்லு அப்படியே துணி விரிச்ச மாதிரி கிடக்கு. குப்பைத்தொட்டி பென்குவின் இருக்கில்ல, வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குமே, அதுக்குப் புது பெயின்ட் அடிச்சிருக்கேன். வயிறு வெள்ளை வெளேர்னு. பாவம், ஒரு காகிதம் திங்கல அது. பட்டினி. ஊஞ்சல் சங்கிலிக்கு கிரீஸ்... என்ன?

எத்தனை அடி அகலமா? எது, கேட்டா? எதுக்குக் கேக்குற?... கார் தாராளமா போகும். ரெண்டு கார்கூட... லாரி போகுமாவா? லாரி எதுக்குடா பரிசுக் குழுவுக்கு?

ஆங்... ஆங்... உன் வண்டியா? இங்கயா?

இரு, இரு. புரிஞ்சுபோச்சு. மரக்கன்னு நடுறாங்க. பெரிய மனுசங்க வந்தா ஒண்ணு நட்டுட்டு போட்டோ பிடிச்சுட்டுப் போவாங்க, அதுக்குக் குழி. அட கிறுக்குப் பசங்களா, ஒரு முழக் குழிக்கு பொக்லைனா? எங்கிட்ட சொன்னா மம்முட்டியால நானே... 

இல்லையா?

இடிக்கவா? எதை?

சறுக்கு மரத்தையா?... ஏன், அது நல்லாத்தானே இருக்கு. தகரம்கூட மாத்தியாச்சு... ஊஞ்சலுமா... சுவரா? எந்தச் சுவரு?... 

மாப்ள, விளையாடாத. காலங்காத்தால எனக்கு இந்த விளையாட்டெல்லாம் பிடிக்காது. உங்க அக்கா சொல்லிக் குடுத்தாளா? கத்தி போன கோவத்துல... இல்லையா. சரி. சரி. வேற பூங்காவா இருக்கும். ஸ்டேஷன் பக்கத்துல ஒண்ணு இருக்கு, செடியும் இல்ல கொடியும் இல்ல, அதைச் சொல்லியிருப்பாங்க. காண்ட்ராக்டர் தப்பா... என்ன அடையாளம் சொன்னாரு?

தூங்குமூஞ்சி மரமா.

ம்.

ம், இங்கதான் இருக்கு. அதுக்குக் கீழதான் நிக்கிறேன்.

எதுக்காம்?... குப்பை லாரி ஷெட்டா? நகராட்சி லாரியெல்லாம் இங்க நிக்கப்போகுதா? இந்தப் புல்லு மேலயா?... டேய், காலைல வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு... கத்தல. கத்தலடா. நீ சொல்லு, நான் கேக்கறேன்.

ஆமா... ஆமா... கூட்டத்துல தீர்மானம் போட்டாங்களா. எப்போ?... போன மாசமா? கவுன்சிலரம்மா முந்தாநாள்கூட என்னைப் பாத்துட்டு, புல்லு ரொம்ப அழகா இருக்குய்யான்னு சொல்லிட்டுப் போச்சே. கம்பிக்கு வெளிய நின்னு பாத்துட்டுப் போச்சே! அப்பவும் தெரியுமா அதுக்கு?

காரணம் என்னவாம்?... யாரும் வர்றதில்லையா? யாரு வர்றதில்ல?... மாப்ள, பூட்டின பூங்காவுக்கு எப்படிடா வருவாங்க? செவுரு ஏறிக் குதிச்சா வருவாங்க? குதிச்ச ரெண்டு பேரையும் நான்தானே வெரட்டினேன்!

வர்ற ஆளை எண்ணினாங்களா? யாரு எண்ணினா? நான் இங்கயே கிடக்கேன், எனக்குத் தெரியாம யாரு வந்து... 

பொண்ணா?

என்ன மாதிரி பொண்ணு?... தெரியாதா. தெரியாது, உனக்கு எப்படித் தெரியும்... இரு. ஒரு நிமிசம் இரு மாப்ள. பேசாத.

ஒரு பொண்ணு வந்துச்சு. கழுத்துல அட்டை மாட்டிக்கிட்டு. நகராட்சியிலேர்ந்து வர்றேன், கேட்டுக்குப் பக்கத்துல ஒக்காந்துக்கட்டுமான்னு மரியாதையா கேட்டுச்சு. நானே மோட்டார் ரூம்லேர்ந்து ஸ்டூல் எடுத்துப் போட்டேன். வெயிலுக்குக் குடை நட்டுக் குடுத்தேன். டீ வாங்கிக் குடுத்தேன்டா. கையில சின்னதா ஒண்ணு வச்சிருந்துச்சு, கட்டைவிரலால அமுக்குனா டக்குனு சத்தம் வரும், நம்பர் மாறும்... ஆமா, அதேதான். கோயில்ல ஜபம் எண்ணக் கையில வச்சிருப்பாங்கல்ல.

நான் என்ன நெனச்சேன் தெரியுமா? குப்பையை எண்ண வந்திருக்குன்னு நெனச்சேன்.

ஆமாடா. பரிசுக்கு முன்னாடி சுத்தம் பாக்க அனுப்பியிருக்காங்க, ஒரு காகிதம் கண்டா ஒரு அமுக்கு, ஒரு பாட்டில் கண்டா ஒரு அமுக்குன்னு... அந்தப் பொண்ணு அமுக்கவே இல்ல மாப்ள. மூணு நாள் ஒக்காந்திருந்துச்சு, ஒரு தரம் டக்குனு சத்தம் கேக்கல. எனக்குத் தலைகால் புரியல. உங்க அக்காகிட்ட போய்ச் சொன்னேன், ஒண்ணுகூட இல்லடி, முட்டைன்னு. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல, சந்தோசத்துல.

இன்னும் கேளு. மப்ளரைத் தெரியும்ல? அதான்டா, வெயில் காலத்துலயும் கழுத்துல மப்ளர் சுத்திக்கிட்டு நடக்க வருவாரே, பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவரு. பூட்டின நாள்லேர்ந்து காம்பவுண்டுக்கு வெளிய ரோட்டோரமா சுத்திச் சுத்தி நடக்கறாரு மனுசன், பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவுல. தினம் கேட்டுல நின்னு ஒரே கேள்விதான், இன்னைக்காவதும்பாரு. அடுத்த வாரம் சார்ம்பேன். அந்தப் பொண்ணு ஒக்காந்திருந்தப்பவும் வந்து கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. அது இவரைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு. இவரு உள்ள வருவாரான்னு கேட்டுச்சுடா. வாயைத் திறந்து கேட்டுச்சு! சேச்சே, இங்க ஒருத்தரையும் விடறதில்லம்மான்னேன். அவரையும் போ போன்னு வெரட்டிவிட்டேன். 

நெஞ்சை நிமித்திக்கிட்டு சொன்னேன் மாப்ள.

... 



நீ இப்ப எங்க வந்துட்டிருக்க?... பாலத்துக்கிட்டயா? ஓரங்கட்டு. ஓரங்கட்டுடா, சொல்றேன்ல. ஆபீஸ் போன் சட்டைப்பையில இருக்கு, அதுல இன்ஜினியரைப் பிடிக்கிறேன். நீ வச்சுடாத, கேட்டுக்கிட்டே இரு. சத்தம் மட்டும் போடாத.

ரிங் போகுது... எடுக்க மாட்டாரு, இந்நேரம் குளிச்சுட்டு... 

சார்! வணக்கம் சார். பூங்கா சூப்பர்வைசர் பேசறேன் சார்... ஆமா சார், திறந்து வைக்கச் சொன்னீங்க, அது விசயமாத்தான்... இல்ல சார், இன்னும் திறக்கல. குழு வருதுன்னு நெனச்சு... குழு சார். பரிசுக் குழு... 

இல்லையா சார்?

அந்தத் திட்டமே இல்லையா? எப்போலேர்ந்து சார்?... மழைக்கு முன்னாடியேவா... இல்ல சார், எனக்கு யாரும் சொல்லல... குரூப்பா? வாட்ஸ்அப்லயா?... நான் அந்தக் குரூப்ல இல்ல சார். தோட்ட ஆளுங்களைச் சேக்கலன்னு கிளார்க் சொன்னாரு... இல்ல சார், உங்களைக் குத்தம் சொல்லல... சொல்லல சார்... ஆமா சார், உங்களுக்கு ஆயிரம் வேலை.

சார், ஒரே ஒரு வார்த்தை. ஆளே வர்றதில்லன்னு எண்ணிட்டுப் போயிருக்காங்க. பூட்டி வச்சிருந்தோமே சார். நீங்கதானே சார் பூட்டச்... எழுத்துல இல்லைதான் சார். வாயாலதான் சொன்னீங்க... சரி சார்... சரி சார். நீங்க சொல்லவே இல்லன்னு வச்சுக்கறேன், அதை விடுங்க. அந்தப் பொண்ணை இன்னொரு தரம் அனுப்பச் சொல்லுங்க சார். ஒரே ஒரு நாள். இன்னைக்குத் திறந்து விடறேன், சாயங்காலம் வரைக்கும் எண்ணட்டும். ஊரே வரும் சார், நீங்க பாருங்க... 

வேற இடத்துல புதுப் பூங்காவா சார்? ஊருக்கு வெளியவா... பைபாஸ் தாண்டி எவன் சார் குழந்தையைத் தூக்கிட்டு... 

எனக்கு என்ன சார், எங்க போட்டாலும் வேலை பாக்கறேன். லாரி ஷெட்ல வாட்ச்மேனா?... இங்கயேவா... ஆகட்டும் சார்... ஆகட்டும்... தேங்க்ஸ் சார்... சார்?... ஹலோ, சார்?

வச்சுட்டாரு.

கேட்டியா மாப்ள?... கேட்டேல்ல. அதான். பூங்கா போச்சு, வாட்ச்மேன் வேலை வந்துச்சு. இதே இடத்துல. வாழ்த்துச் சொல்லு.

என்னைத் திட்டாதடா. சார் சார்னு சொல்லாம வேற என்ன சொல்லச் சொல்ற? பழகின வாயி... நீ மட்டும் என்ன, காண்ட்ராக்டரை அண்ணே அண்ணேன்னுதானே... சரி விடு. விடு.

மாப்ள... ஒண்ணு கேட்டா செய்வியா? வண்டி பிரேக்டவுன்னு சொல்லு. பாலத்துக்கிட்ட நின்னுபோச்சுன்னு சொல்லு. ஒரு நாள்டா. நான் கவுன்சிலரம்மா கால்ல விழுந்தாவது... 

ம்.

ம்... ஆமா. இன்னொரு வண்டி வரும். அதுவும் சரிதான்.

இல்ல, கோவம் இல்ல. நிஜமா இல்ல. மழைக்காலம் முழுக்க உன் வண்டி ஷெட்ல கிடந்துச்சு, எனக்குத் தெரியாதா. வந்த வேலையைத் தள்ளினா அடுத்து யாரு கூப்பிடுவான். நீ வா. எவனோ ஒருத்தன் வந்து கண்ணு மண்ணு தெரியாம ஏறி இறங்கறதுக்கு நீ வர்றது மேல். அத்தான்னு கூப்பிட்டுக்கிட்டாவது இடிப்ப.

அழுவுறியா? சீ, என்னடா நீ. தாடி வச்ச ஆம்பள... சளியா? சரி, சளிதான்.

கேளு, வந்து எப்படிச் செய்யணும்னு சொல்றேன். முதல்ல பின்பக்கச் சுவருலேர்ந்து ஆரம்பி. ஊஞ்சலை நெம்பித் தூக்காத, போல்ட்டு நான் கையால கழட்டித் தர்றேன், கிரீஸ் போட்டிருக்கேன், லேசா வந்துடும். தண்ணிக் குழாய் இந்த ஓரமா ஓடுது, அதை உடைச்சா தெரு முழுக்க ஆறு. பென்குவினை மட்டும் எடுத்து வீட்டுல வச்சுக்கலாமான்னு பாக்கறேன்... ஆமா, உங்க அக்கா கொன்னுடுவா. மரம்?... மரமும்தானா. அதுக்கு வேற ஆள் வர்றானா. சரி. நல்லது. உன் கையால வேண்டாம்.

எவ்வளவு நேரம் ஆகும்? முழுசா முடிக்க?... மத்தியானத்துக்குள்ளயா. 

நான் புல்லு ஓரம் வெட்டவே அதைவிட ரொம்ப நாள் ஆச்சுடா.

உங்க அக்காவைக் கூப்பிட்டு, குழந்தையை அழைச்சுட்டு வாடின்னு சொல்லலாமான்னு ஒரு நிமிசம் தோணுச்சு. எம் பொண்ணு இந்தப் புல்லுல கால் வச்சதில்ல மாப்ள. கம்பி வழியா காட்டியிருக்கேன். பரிசு வந்ததும் முதல் ஆளா உன்னைத்தான் விடுவேன்னு சொல்லி வச்சிருந்தேன். சூப்பர்வைசர் பொண்ணுன்னு அதுக்கு முன்னாடி விட்டா ஊரு பேசும்ல... இல்ல, இனிமே எங்க. பஸ் பிடிச்சு வந்து சேர்றதுக்குள்ள நீ பாதி முடிச்சிருப்ப. வேண்டாம்.

அது உன் வண்டிச் சத்தம்தானா? வந்துட்டியா?... ஆமா, தெரியுது. மஞ்சளா மூக்கை நீட்டிக்கிட்டு. அந்தத் தையக்கடைப் பக்கம் நிறுத்து, நான் திறக்கறேன்.

இரு... தாழ்ப்பாள்... கேக்குதா? சத்தமே வரல பாரு. எண்ணெய் விட்டேன்ல. இந்தப் பக்கம் ஆச்சு. அந்தப் பக்கக் கதவையும்... ம், ஆச்சு. வா.

வா, ஏன் நிக்கிற?... யாரு குறுக்க? 

அட, மப்ளர்.

சார்... குட்மார்னிங் சார்... ஆமா சார். திறந்துட்டேன்... அது வந்து சார், இன்னைக்கு... 

ஆமா சார். வாங்க.

டேய், என்ன பண்ணச் சொல்ற? வயசான மனுசன், அப்படிக் கையைப் பிடிச்சுக் குலுக்குறாரு. எங்கிட்ட தேங்க்ஸ் சொல்றாருடா. ஒரு சுத்துதானே, நடந்துட்டுப் போகட்டும். நீ எஞ்சினை ஆஃப் பண்ணு.

இருங்கம்மா, நீங்க எங்க... ஆமாம்மா, திறந்திருக்கு. குழந்தையை இறக்கி விடுங்க, ஒண்ணும் பண்ணாது... இந்தாம்மா, தையக்கடைப் பொண்ணுங்களா, கடையை யாரு பாத்துக்குவா?... சிரிக்குதுங்க மாப்ள. பஸ் ஸ்டாப்புல நின்ன கூட்டமெல்லாம் வருது. பஸ் வந்து நிக்குது, ஏறாம வருதுங்க. ஸ்கூல் பை மாட்டின வாண்டு ஒண்ணு ஊஞ்சலுக்கு ஓடுது பாரு... ஓடாதடா, பாத்து, கிரீஸு!

மாப்ள, செருப்பைக் கழட்டுறாங்கடா.

நான் சொல்லல. யாரும் சொல்லல. புல்லுக்கு ஓரமா வரிசையா விட்டுட்டு, வெறுங்காலோட போறாங்க. மெதுவா, ஈரத்துல... மப்ளர் பேன்ட்டை மடிச்சுவிட்டுட்டுப் போறாரு.

அந்தப் பொண்ணு இப்ப இங்க ஒக்காந்திருக்கணும். அமுக்கி அமுக்கிக் கட்டைவிரல் வீங்கிப்போயிருக்கும்.

ம்... என்ன?... காண்ட்ராக்டரா? என்னங்கறாரு?... சரி. புரியுது. நேரம் ஆகுதுங்கறாரு. ஆமா, அவருக்கும் மேல ஆள் இருக்குல்ல.

ஆமா, வெளிய அனுப்பணும்தான். தெரியும்.

நானா?... இத்தனை நாளா போ போன்னு சொன்ன வாய்தான். நல்லா வருமே அந்த வார்த்தை... இரு, சொல்லிப் பாக்கறேன். இந்தாங்க... எல்லாரும் கொஞ்சம்... 

வரல மாப்ள. என்னைப் பாத்துக் கை ஆட்டுறாங்கடா.

நீ ஹாரன் அடி.

அடிடா. நான் திரும்பி நின்னுக்கறேன்... ம், அடி.

... 

யாரும் திரும்பல மாப்ள. ரோட்டுல ஏதோ வண்டின்னு நெனச்சுட்டாங்க.

இன்னொரு தரம் அடி.